இடிப்பதற்கு முன் ஒரு மழைக்காலம் பாருங்கள்: பழைய பண்ணைக் கட்டடங்களைச் சோதிப்பதும் சரிசெய்வதும்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். மன்னார்குடிப் பக்கம் தாத்தா காலத்துப் பண்ணை ஒன்று பாகப்பிரிவினையில் உங்களுக்கு வந்திருக்கிறது. முன்பக்கம் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை), பின்பக்கம் நாட்டு ஓடு என்று ஒரு பண்ணை வீடு. தனியாக ஒரு செங்கல் களஞ்சியம், நீளமான மாட்டுக்கொட்டகை, வாய்க்கால் ஓரம் ஒரு பம்புசெட் அறை. பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தவை. பார்க்க வந்த பொறியாளர் எல்லாவற்றையும் இடித்துவிடச் சொல்கிறார். மேஸ்திரியோ சிமென்ட் பூசி மேலே தகரம் போட்டுவிடலாம் என்கிறார். கையில் பணம் குறைவு. எதைக் காப்பாற்றலாம், எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் சொன்னதையும் கொஞ்ச நாள் ஒதுக்கி வையுங்கள். டெல்டாவில் இப்படிப்பட்ட கட்டடங்கள் வயதாகி விழுவதில்லை. தண்ணீர் போகிற வழி அடைபட்டதால் விழுகின்றன. பிறகு அதைச் சரிசெய்கிறேன் என்று போட்ட சிமென்டால் விழுகின்றன. அதனால் முதல் பணம் கூரைக்கும் கட்டடத்தைச் சுற்றியுள்ள தரைக்கும். சுவர் அப்புறம். பூச்சும் வர்ணமும் கடைசி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், ஏனென்றால் வர்ணம்தான் சொந்தக்காரர்கள் வந்தால் கண்ணில் படுகிறது.

இவை ஏன் இந்த நிலைக்கு வந்தன என்று தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். அந்தக் களஞ்சியம் இன்று உங்களிடம் இருக்கும் நிலத்துக்குக் கட்டியது அல்ல. 1961 நில உச்சவரம்புச் சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் (மண்ணின் தரத்தைப் பொறுத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று எல்லை வைத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் தொடங்கி, ஊருக்கு ஊர் கொள்முதல் நிலையங்கள் வந்த பிறகு நெல் களத்திலிருந்தே லாரி ஏறிவிட்டது. டிராக்டர் வந்ததும் உழவு மாடு போனது. களஞ்சியத்துக்கும் கொட்டகைக்கும் வேலை இல்லாமல் போனபோது, ஐப்பசிக்கு முன்னால் ஓடு மாற்றுவது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது, சுற்றிலும் வடிகால் வெட்டிவிடுவது என்ற வருடாந்தர வேலைகளும் நின்றுவிட்டன. கட்டியவர்களின் திறமையில் குறை இல்லை. அவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கை வைப்பார்கள் என்று நம்பித்தான் இந்த முறையில் கட்டினார்கள்.

சோதனையை ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் அணை திறப்பதற்கு முன்னால், வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது ஒருமுறை பாருங்கள். கார்த்திகையில் அடைமழை நடுவே குடை பிடித்துக்கொண்டு இன்னொருமுறை. கோடையில் சுவரில் திறந்து நிற்கும் விரிசல், வாய்க்காலில் தண்ணீர் ஓடி மண் நனைந்ததும் மூடிக்கொண்டால், அது உங்கள் களிமண் சுருங்கி விரிவதன் கணக்கு. அது அடித்தளம் சரிந்து போகிற கதை அல்ல. இரண்டுக்கும் செலவு வேறு. ஏப்ரலில் மட்டும் வந்து பார்த்த பொறியாளருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. மழையில் நின்று பார்க்கும்போதுதான் எந்த மூலையில் தண்ணீர் கொட்டுகிறது, எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரை நனைக்கிறது என்பதெல்லாம் தெரியும்.

உள்ளே நுழைவதற்கு முன்னால் சில விஷயங்கள். மின்சாரத்தை முழுக்கத் துண்டியுங்கள். பழைய பம்புசெட் லைனிலிருந்து கொட்டகைக்கு யாராவது ஒரு வயர் இழுத்திருப்பார்கள், மெயின் போர்டில் அது தெரியாது. கூரையிலோ பக்கத்துத் தென்னையிலோ கதண்டு (பெரிய விஷக் குளவி) கூடு இருந்தால் நீங்களே தீப்பந்தம் கட்டிக்கொண்டு போகாதீர்கள், தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். நம் பக்கம் கதண்டு கொட்டி உயிரே போயிருக்கிறது. விறகும் பழைய சாக்கும் குவிந்த மூலையில் பாம்பு இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, கோலால் தட்டிவிட்டுக் கை வையுங்கள். வௌவால் எச்சம் காய்ந்த தூசியைப் பெருக்கும்போது நல்ல முகக்கவசம் வேண்டும், முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்கலாம். களஞ்சிய மாடத்தில் கூகை ஆந்தை குடியிருந்தால் விரட்டாதீர்கள். எலிக்கு அதைவிட நல்ல மருந்து எந்தக் கடையிலும் கிடையாது.

சரி, கூரைக்கு வருவோம். உங்கள் பணமும் கவலையும் அதிகம் போகப்போவது முன்பக்க மெட்ராஸ் டெரஸில்தான்.

அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். சுவரிலிருந்து சுவருக்கு உத்தரம். அதன் மேல் சுமார் ஒன்றரை அடிக்கு ஒன்றாக மரக்கட்டைகள். அவற்றின் மேல், ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஓர் அங்குல கனம் உள்ள மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, கோணலாக வரிசைபிடித்துச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்திருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு என்ற தட்டையான ஓடு. இந்த ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் ஈரத்தை வாங்கி, வெயிலில் திருப்பி விட்டுவிடும். பிரச்சினை பொதுவாக நடுவில் வருவதில்லை. உத்தரமும் கட்டையும் சுவருக்குள் நுழையும் முனைகளில்தான் வரும். அங்கே காற்று இல்லை, மேலே கைப்பிடிச் சுவர் ஓரத்தில் தண்ணீர் இறங்குகிறது, கறையானும் சுவர் வழியாகவே ஏறி வருகிறது.

ஆகவே ஏணி போட்டு ஒவ்வொரு முனையையும் பாருங்கள். கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் குத்துங்கள்: நல்ல தேக்கில் நுனி மட்டும் பதியும், உளுத்ததில் அரை அங்குலம் தானாக இறங்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று பேசும், கெட்டது மொத்தென்று இருக்கும். கட்டைகளின் நடுவில் தொய்வு இருக்கிறதா என்று சுவருக்குச் சுவர் நூல் கட்டிப் பாருங்கள். தொய்வு இருப்பதாலேயே பயப்பட வேண்டாம். மரம் பல வருடம் பாரம் தாங்கி மெல்ல வளைவது இயல்பு. ஆறு மாதத்தில் அந்தத் தொய்வு கூடியிருந்தால்தான் ஆபத்து. அதற்காகத்தான் அளந்து, தேதியோடு எழுதி வைக்கச் சொல்கிறேன்.

முனை மட்டும் கெட்டிருந்தால் முழு உத்தரத்தையும் மாற்ற வேண்டியதில்லை. இருபுறமும் முட்டுக் கொடுத்துப் பாரத்தைத் தாங்கிவிட்டு, கெட்ட பகுதியை அறுத்தெடுத்து, இரண்டு பக்கமும் இரும்பு சேனல் வைத்துப் போல்ட் போட்டு, அந்த சேனலைச் சுவரில் ஒரு கருங்கல் பாளத்தின் மேல் உட்கார வைக்கலாம். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி விரல் அளவு காற்று இடம் விடுங்கள், சாந்தால் அடைக்காதீர்கள். முட்டு நேராகத் தரையில் நிற்கக் கூடாது, அடியில் கனமான பலகை வேண்டும். இல்லையென்றால் பாரம் முழுவதும் பழைய தரையைப் பிளந்துகொண்டு இறங்கும்.

மேலே ஏறிப் பார்த்தால் அநேகமாக ஏற்கெனவே யாராவது ஒழுகுகிறது என்று தட்டோட்டுக்கு மேல் சிமென்ட் தளம் போட்டிருப்பார்கள். ஓர் அங்குலம் சிமென்ட் சாந்து சதுர அடிக்கு ஏறத்தாழ ஐந்து கிலோ. நானூறு சதுர அடி அறைக்கு மேல் அது இரண்டு டன். ஒழுகலை நிறுத்தவில்லை என்று இன்னொருமுறை போட்டிருந்தால் நான்கு டன். உளுத்துக்கொண்டிருக்கும் கட்டை முனைகள் இத்தனையையும் தாங்க வேண்டும், அதோடு உள்ளே புகுந்த ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே மரத்துக்கே இறங்கும். உங்கள் மேஸ்திரி இதைத்தான் மறுபடி செய்யப் பார்க்கிறார். அந்தச் சிமென்ட் தளத்தைப் பார்த்து உடைத்து எடுத்து, தண்ணீர் வெளியேறும் வாட்டத்தைச் சரிசெய்து, ஜல்லிச் சுண்ணாம்பு விட்டுப்போன இடத்தை மட்டும் புதுப்பித்துத் தட்டோடு பதிப்பதுதான் சரியான வேலை. டிரில்லிங் மெஷினை வைத்து அதிர அதிர உடைக்க விடாதீர்கள், உளி போதும்.

பின்பக்க நாட்டு ஓட்டுக் கூரை இதைவிட எளிது. நாட்டு ஓடு உடைவது குறை அல்ல, அதன் குணம். மயிலும் குரங்கும் பூனையும் நடந்தால் உடையும். பிரித்து, நல்லதைத் திருப்பி அடுக்கி, குறைவதற்குப் பழைய ஓடு வாங்கிச் சேர்க்க வேண்டும். பக்கத்து ஊர்களில் வீடு இடிக்கிற இடத்தில் நல்ல ஓடு கிடைக்கும், இப்போதே சேர்த்து வையுங்கள். ஓட்டைப் பிரித்த அன்றுதான் ஓடு உட்காரும் வரிச்சும், அதைத் தாங்கிச் சரிவாக இறங்கும் கைமரமும் முழுதாகத் தெரியும். பனைமரச் சட்டமான பனங்கையாக இருந்தால் வைரம் பாய்ந்த பாகம் நூறு வருடமும் தாங்கும். சோற்றுப் பாகத்தோடு போட்டதை வண்டு குடைந்து மாவாக்கியிருக்கும். உச்சியில் ஓடும் முகட்டுவளையும், கூரையின் கீழ் விளிம்பான இறவாரத்து முனைகளும் முதலில் கெடும்.

ஓட்டுக்கு அடியில் தார்ப்பாய் விரிக்கச் சொல்வார்கள். ஒரு மழைக்காலம் தாண்டுவதற்கு ஓட்டுக்கு மேலே தற்காலிகமாகப் போடலாம், தப்பில்லை. அடியில் நிரந்தரமாகப் போட்டால் ஓட்டுக்கும் தார்ப்பாய்க்கும் நடுவில் ஈரம் நின்று வரிச்சை அழுக வைக்கும். சீமை ஓட்டுக்கு மாறலாமா என்றால், மாறலாம். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து அது நம் கிராமங்களுக்கு அந்நியம் இல்லை. ஆனால் அந்த ஓட்டுக்கு ஒரே சீரான ரீப்பர் (ஓடு மாட்டும் சட்டம்) இடைவெளி வேண்டும். வளைந்து நெளிந்த பழைய கைமரங்களின் மேல் அது உட்காராது, மரவேலை முழுவதையும் மாற்ற வேண்டிவரும். செலவு அங்கேதான் எகிறும்.

தகரம் பற்றி நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மாட்டுக்கொட்டகைக்கு அது நியாயமான தீர்வாக இருக்கலாம். ஆனால் ஓடு தன் கனத்தால் நிற்கிறது, தகரம் அப்படி நிற்காது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது உங்கள் வட்டாரத்தில் என்ன நடந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தகரம் போடுவதானால் ரீப்பரைக் கைமரத்தோடும், கைமரத்தை உத்தரத்தோடும், உத்தரத்தைத் தூணோடும், தூணைத் தரைக்குள் இருக்கும் கான்கிரீட்டோடும் இரும்புப் பட்டையால் கட்டிக்கொண்டே வர வேண்டும். நடுவில் ஓர் இடம் விட்டாலும் அந்த இடத்திலிருந்து பிடுங்கும். இறவாரம் அதிகம் நீட்டாதீர்கள். கொட்டகையில் இப்போது இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் என்றால் அதை உடைத்து எடுக்காதீர்கள். நன்றாக நனைத்து, போல்ட்டை வெட்டி, முழுத் தகடாக இறக்குங்கள். காய்ந்த நிலையில் அறுப்பதும் துளைபோடுவதும் கூடாது. அந்த நார்த்தூசி நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்து நோயாக வரும்.

இப்போது தரை. இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை, எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் இதுதான். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 930 லிட்டர் தண்ணீர். பத்து சென்டிமீட்டர் பெய்கிற ஒரு கார்த்திகை ராத்திரியில் ஒன்பதாயிரம் லிட்டருக்கு மேல், அதாவது ஒரு பெரிய டேங்கர் லாரி, உங்கள் சுவரின் காலடியில் கவிழ்கிறது. தாத்தா காலத்தில் தரையிலிருந்து இரண்டு மூன்று படி உயரத்தில் இருந்த வீடு இன்று ஒரு படியில் நிற்கும். ஒவ்வொருமுறை ரோடு போடும்போதும் ரோடு ஏறியது, முற்றத்தில் மண் அடித்தார்கள், கொட்டகைக் குப்பை சேர்ந்தது. அடித்தளத்தின் பழைய மட்டம் எதுவென்று ஓர் ஓரத்தில் தோண்டிப் பாருங்கள். சுவரைச் சுற்றி நாலைந்து அடிக்குச் சேர்ந்த மண்ணை எடுத்து, வெளிப்பக்கம் சரிவு கொடுத்து, ஒரு வடிகால் வெட்டி வாய்க்காலோ குட்டையோ எது தாழ்வோ அதில் சேருங்கள். ஆள் கூலி மட்டும்தான் செலவு. இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டு ஒரு மழைக்காலம் காத்திருந்தால், ஓதம் ஏறிய பல சுவர்கள் தாமாகவே காயத் தொடங்கும். சுவரை ஒட்டி வட்டமாகச் சிமென்ட் நடைபாதை போட்டிருந்தால் உடைத்துவிடுங்கள். அது ஈரத்தை மண்ணிலிருந்து வெளியே விடாமல் சுவருக்குள் ஏற்றிவிடுகிறது. அதற்குப் பதில் ஜல்லி கொட்டலாம்.

சுவர் விரிசல்களைப் பார்ப்பதற்கு ஒரு பழைய வழி இன்றும் நல்லது. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இருபக்கமும் சாந்தால் ஒட்டி, அதன்மேல் தேதி எழுதுங்கள். அசைவு இருந்தால் கண்ணாடி உடைந்துவிடும். ஜன்னல் மூலையிலிருந்து கோணலாகப் போகும் விரிசல் மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருந்தால் மூலை இறங்குகிறது; அந்த மூலையில் கூரைத் தண்ணீரோ குழாயோ மரவேரோ இருக்கும். கதவுக்கு மேலே கூடாரம் போல விழுந்த விரிசல், நிலைக்கு மேலுள்ள மரம் உளுத்ததைச் சொல்கிறது. கூரைக்குக் கொஞ்சம் கீழே படுக்கையாக ஓடினால் கைமரங்கள் சுவரை வெளியே தள்ளுகின்றன. பிற்காலத்தில் ஒட்டிக் கட்டிய அறையின் சந்தில் நேராக நிற்கும் விரிசல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பிறகு தூக்குக்குண்டு போட்டுப் பாருங்கள். ஒன்றரை அடிச் சுவர் மூன்று அங்குலத்துக்கு மேல் சாய்ந்திருந்தால், அதற்கு மேல் நீங்களும் மேஸ்திரியும் முடிவெடுக்க வேண்டாம். பழைய செங்கல் கட்டுமானம் தெரிந்த பொறியாளர் வர வேண்டும், அதுவரை அந்தப் பக்கம் யாரும் உட்காரக் கூடாது.

சுவரில் முளைத்த அரசங்கன்றைச் சும்மா இழுத்துப் பிடுங்குவதால் பயன் இல்லை, உள்ளே இருக்கும் வேர் அடுத்த மழைக்கு இரண்டு மடங்காக வரும். கோயில் கோபுரங்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். வேர் போன வழியில் செங்கல்லைக் கழற்றி, முழு வேரையும் எடுத்துவிட்டு, அதே செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் திருப்பி வைக்க வேண்டும்.

ஏன் சுண்ணாம்பு, ஏன் சிமென்ட் கூடாது என்று உங்கள் மேஸ்திரி கண்டிப்பாகக் கேட்பார். பழைய நாட்டுச் செங்கல் மென்மையானது, தண்ணீர் குடிப்பது. அதைச் சுற்றியுள்ள சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மை. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் சாந்தின் வழியாக வெளியே வந்து காயும், உப்பும் பூச்சிலேயே பூத்து உதிரும். உதிர்ந்த பூச்சை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறுபடி பூசிவிடலாம். அதன்மேல் கெட்டிச் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியே வர வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறும், சிமென்ட் நிற்கிற உயரத்துக்கு மேல் போய் வெளிவரும். உப்பு செங்கல்லுக்குள்ளேயே பூத்து அதைப் பொரிக்கும். ஐந்தாறு வருடம் கழித்து சிமென்ட் பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது பின்னால் செங்கல் இருக்காது, தூள்தான் இருக்கும். வெளியே பார்க்க உறுதியாகவும் உள்ளே காலியாகவும் நிற்கும் சுவர் இப்படித்தான் உருவாகிறது. பிளாஸ்டிக் எமல்ஷன் வர்ணமும் அதே வேலையைச் செய்யும். வெள்ளை அடிக்கச் சுண்ணாம்பே போதும்.

சாந்துக்கு: நன்றாகத் தாளித்து (சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்றி), சலித்து, குறைந்தது இரண்டு வாரம் தண்ணீருக்கு அடியில் ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. ஈரம் அதிகம் படும் இடத்தில் மணலின் ஒரு பகுதிக்குப் பதில் சலித்த செங்கல் தூள். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைக் கழுவி, மாவுத்தூளை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். ஒரே வீச்சில் கனமாகப் பூசாமல் அரை அரை அங்குலமாக, சில நாள் இடைவெளி விட்டு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்லத்தான் கல்லாகும், மாதக்கணக்கு ஆகும். அதனால் பொங்கல் முடிந்து தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பது வசதி. சித்திரை வெயிலில் பூசினால் சாக்கு நனைத்துப் போர்த்த வேண்டும். சுண்ணாம்பு தாளிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை இல்லாமல் ஆளை விடாதீர்கள். கடுக்காய், வெல்லம், முட்டை என்று ஆளாளுக்கு ஒரு செய்முறை சொல்வார்கள். அவற்றில் விஷயம் உண்டு. ஆனால் சரியாக ஊறாத சுண்ணாம்பில் எத்தனை வெல்லம் போட்டாலும் அது இனிக்கும், பிடிக்காது.

மாட்டுக்கொட்டகைச் சுவர் தனிக்கதை. பல பத்தாண்டு மாட்டு மூத்திரம் இறங்கிய செங்கல்லில் ஒரு வகை உப்பு ஊறிப்போயிருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தையே இழுக்கும். கூரை ஒழுகாவிட்டாலும், தரை காய்ந்திருந்தாலும், மழைக்காலம் வந்ததும் இடுப்பளவு சுவர் கறுத்து ஈரமாக நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ஈரத்தடுப்பு ரசாயனம் ஊசி போடுகிறோம் என்று யாராவது வந்தால் திருப்பி அனுப்புங்கள், இந்த உப்புக்கு அது வேலை செய்யாது. மலிவான சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள், உப்பை அது வாங்கிக்கொள்ளும், உதிரும், மறுபடி பூசுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் உப்பு குறையும். அவசரம் என்றால் மோசமான செங்கற்களை மட்டும் எடுத்துவிட்டுப் புதியது வையுங்கள். அந்த இடத்தைப் படுக்கையறை ஆக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். கருவி வைக்க, தேங்காய் போட, மறுபடி மாடு கட்ட என்றால் அந்த ஈரம் ஒரு தொல்லையே இல்லை. கொட்டகையின் மரத்தூண்கள் தரையோடு தொடும் இடத்தில் மட்டும் அழுகியிருந்தால், அந்த ஓரடியை அறுத்துவிட்டுக் கருங்கல் பாதம் வைத்து நிறுத்துங்கள்.

களஞ்சியம்தான் நீங்கள் எப்பாடுபட்டாவது காப்பாற்ற வேண்டியது என்பேன். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருப்பாலைத்துறை கோயிலில் இருக்கும் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். உங்களுடையது அதன் முன் சின்னப் பிள்ளை, ஆனால் தத்துவம் ஒன்றுதான்: நெல்லைத் தரையிலிருந்து தூக்கி வை, சுவரைத் தடிமனாகக் கட்டு, ஈரத்தை அண்ட விடாதே. சுவர் வெளிப்பக்கம் கொஞ்சம் பிதுங்கியிருந்தால் அது பழைய நெல்லின் அழுத்தம். நெல் போய்விட்டதால் அழுத்தமும் போய்விட்டது. கண்ணாடித் துண்டு ஒரு வருடம் உடையாமல் இருந்தால் அந்தப் பிதுக்கத்தை அப்படியே விடலாம். தரைக்குக் கீழே காற்றுப் போக விட்ட துளைகளை எலிக்குப் பயந்து யாராவது அடைத்திருப்பார்கள். திறந்து, நெருக்கமான இரும்பு வலை போடுங்கள். அதற்குள் பழைய மரப் பத்தாயம் இருந்தால் அதையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கல் மேல் ஏற்றி வையுங்கள். மறுபடி நெல் கொட்டுவதானால், முன்பு போல நிரப்பாமல் மூட்டையாகவோ டிரம்மிலோ வையுங்கள். பாரம்பரிய நெல் விதை சேமிக்க இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டாம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் விதை வாங்கி வருபவர்கள் வைப்பதற்கு இடமில்லாமல்தான் திண்டாடுகிறார்கள்.

கறையானுக்கு மருந்து அடிக்க வேண்டியிருக்கும். கட்டி முடித்த கட்டடங்களுக்கான முறை ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதியில் இருக்கிறது, உரிமம் உள்ளவர்களிடம் அதைச் சொல்லியே கேளுங்கள். கிணற்றுக்குப் பக்கத்திலும், நெல் வைக்கும் அறைக்குள்ளும், மாடு நக்குகிற சுவரிலும் அடிக்க விடாதீர்கள். ஈரம் போய்விட்டால் கறையானில் பாதி தானாகப் போய்விடும்.

பம்புசெட் அறையை இடித்துவிடலாம். அதில் பழமையும் இல்லை, பலமும் இல்லை, வயரிங்தான் ஆபத்தாக இருக்கிறது என்று நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. ஒன்று மட்டும்: கட்டட வேலைக்கு வெல்டிங், கலவை மெஷின் ஓட்ட விவசாய இலவச இணைப்பிலிருந்து லைன் எடுக்காதீர்கள். தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள், பிடிபட்டால் அபராதம் கட்ட வேண்டிவரும்.

வேலையைத் தொடங்கினால் இரண்டு விதமான ஆட்கள் தேடி வருவார்கள். ஒருவர், கதவும் தூணும் உத்தரமும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்பவர். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு மரம் அப்படித்தான் போகிறது. நிலைக்கதவைக் கழற்றி விற்றால் அதன் மேலிருக்கும் சுவர் அடுத்து வரும், அதை அவர் சொல்ல மாட்டார். மற்றவர், சுண்ணாம்பு வேலை எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு சாந்தில் ஒரு பை சிமென்ட் ரகசியமாகச் சேர்ப்பவர். உண்மையான ஆளைக் கண்டுபிடிக்க, அவர் சுண்ணாம்பை என்றைக்குத் தாளிக்கப் போகிறார் என்று கேளுங்கள். இன்றைக்கே என்றால் வேண்டாம். செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். மண்சுவர் வேலைக்கு ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட்டில் பயிற்சி உண்டு. ஒரு கட்டடத்தைப் பிரித்து இன்னோர் இடத்தில் எழுப்புவது எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையானால் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போகலாம், ஆனால் உங்களுக்கு அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

பணத்தை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருந்தீர்கள். இந்த வருடம் ஐப்பசிக்குள் வடிகால், மண் எடுப்பு, முட்டுக் கொடுப்பது, ஓட்டுக் கூரை மேல் தார்ப்பாய். இவ்வளவுதான். பொங்கலுக்குப் பிறகு டெரஸின் சிமென்ட் தளத்தை எடுத்து உத்தர முனைகளைச் சரிசெய்வதும், பின்பக்க ஓடு மாற்றுவதும். அடுத்த வருடம் களஞ்சியமும் சுவர்ப் பூச்சும். கொட்டகை கடைசி, அது ஒரு பக்கம் விழுந்தாலும் மீதியை வைத்துக்கொள்ளலாம். இடிக்கச் சொன்ன பொறியாளரிடம் மறுபடி போங்கள், அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சுவர் எத்தனை அங்குலம் சாய்ந்திருக்கிறது, எந்த உத்தரம் எத்தனை ஆழத்துக்கு உளுத்திருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். எழுதிக் கொடுத்தால் அதை வைத்துப் பேசலாம். "பழசு சார்" என்று மட்டும் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள். அதற்குள் உத்தரங்களின் நீளம், அகலம், கனம், அவற்றுக்கிடையே உள்ள தூரம் ஆகியவற்றை அளந்து, முனைகளை ஸ்கேல் வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். சேனல் எந்த அளவில் வாங்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.